கல்யாணச் சோறு எப்போ?

போன ஞாயிற்றுக்கிழமை கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காதுகுத்து. எனக்கு விசேஷம் என்றாலே பந்திதான். அந்த வெட்கமெல்லாம் எப்போதோ போயாச்சு.

சித்தியும் வந்திருந்தார்; கூட வந்தவன் அவர் மகன் பிரகாஷ். இது நிஜப் பெயர் இல்லை. "என்னைப் பத்தி எழுதுங்கக்கா... பேரை மட்டும் மாத்திருங்க. கொஞ்சம் ஸ்டைலா வைங்க" என்றான். எனக்கு இவ்வளவு ஸ்டைல்தான் வந்தது.

பிரகாஷுக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். போன வருடம் சித்தியிடம் அழுதுகொண்டே சொன்னான். சித்தி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி அவனை ஆசிரியராக்கியவர். அவன் கண்ணைத் துடைத்துவிட்டாராம். பிறகு, "சரி... சாப்பிட்டியா?" என்றாராம்.

கரைச்சலே அந்தச் சாப்பாட்டில்தான். நாலு பேர் முன்னால் அவன் வாயே திறக்க மாட்டான். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பானையையே காலி செய்வான். மறுநாள் அதற்குத் தண்டனையாகப் பட்டினி. போன மாதம் வகுப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டான். உண்மையிலேயே பயந்துபோனேன்.

மாவனல்லையில் என் தோழியின் மகள் ஷாமிலா இருக்கிறாள். உளவியல் மாணவி, ஆய்வு செய்வதும் இதைப் பற்றித்தான். பிரகாஷ் அவளிடம் மனம்விட்டுப் பேசினான். அவன் சம்மதத்தோடு அவள் சித்தியிடம் புத்தகத் தமிழில் விளக்கினாள் — "ஆன்ட்டி, இவருக்கு உணவு உண்பதில் ஒழுங்கின்மை இருக்கு."

சித்திக்கு வந்ததே கோபம்! "யாரு, என் மகனா? ஒரு பருக்கை கீழ சிந்த மாட்டான். ஒழுங்காத்தான் வளத்திருக்கேன் புள்ள!"

ஷாமிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "தன்னை மறைச்சு மறைச்சு வாழுறவங்களுக்கு அந்தப் பயம் சில நேரம் சாப்பாட்டுல வந்து நிக்கும் ஆன்ட்டி. ஆய்வுகள்லயும் அப்படித்தான் தெரியுது."

"சாப்பிடுறதுல என்னடா பயம்?" என்றார் சித்தி.

"இலை போட்டதும் கேப்பாங்கம்மா" என்றான் பிரகாஷ்.

கேட்டார்கள். காதுகுத்துப் பந்தியில் அவன் சோற்றில் கை வைத்ததும் எதிரே இருந்த பெரியவர் ஆரம்பித்தார் — "தம்பி, கல்யாணச் சோறு எப்பங்க போடப் போறீங்க?"

நம் ஆட்களுக்கு வேறு கேள்வியே கிடையாதா? கல்யாணம் எப்போது என்று நேராகக் கேட்டால்கூடப் பரவாயில்லை. சாப்பிடுகிறவனைச் சோற்றாலேயே அடிக்க வேண்டுமா?

பிரகாஷின் கை நின்றது. எழுந்திருக்கப் போனான். பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளை அமுக்கியது. சித்தி! இன்னொரு கையில் சோற்று வாளி.

"சோறுதானே வேணும் மாமா? இந்தாங்க." பெரியவர் இலையில் கரண்டி கரண்டியாகக் குவித்தார். "போதுங்களா? இன்னும் போடவா? இனிமே சோறு வேணும்னா என்கிட்ட கேளுங்க. என் மகனைச் சாப்பிட விடுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாயில் அப்பளம் இருந்ததால் சமாளித்தேன்.

பிரகாஷ் சாப்பிட்டான்... எல்லார் முன்னாலும், முழு இலையும். ஒரு வேளைச் சாப்பாட்டில் எல்லாம் சரியாகிவிடாது, டொக்டரிடமும் போகத்தான் வேண்டும் என்கிறாள் ஷாமிலா. போகிறான்.

ஆகவே மக்களே, பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் கேட்கத்தக்க கேள்வி ஒன்றே ஒன்றுதான் — "ரசம் வாங்கினீங்களா?"