பேதி மாப்பிள்ளை

சிரிக்க வைப்பதைத் தவிர நல்லமுத்துவுக்கு வேறு பிழைப்பு தெரியாது. பினாங்கு நாடகக் கொட்டகையில் கோமாளி வேஷம் கட்டியவர். ஜப்பான்காரன் வந்ததும் கொட்டகையை மூடிவிட்டார்கள். திரைச்சீலையைக் கிழித்து ஆளுக்கொரு சட்டை தைத்துக்கொண்டார்கள். பாவம், மனிதர் வேறு வழியில்லாமல் சுகாதார அலுவலகத்தில் தமுக்கடிக்கச் சேர்ந்தார்.

சுங்கை பினாங் வரிசை வீடுகளில் அப்போது ரத்த பேதி. அலுவலகத்து யாழ்ப்பாணக் கிளார்க் கனகசுந்தரம் எழுதித் தந்ததை நல்லமுத்து முதலில் அப்படியே ஒப்பித்தார். "கொதித்தாறிய நீரையே பருகுக!" ஓர் ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் தாளை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, பேதி மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். பச்சைத் தண்ணீர் குடித்த மாப்பிள்ளைக்கு மணவறையில் வயிறு கலக்குகிறது. தாலியைக் கையில் வைத்துக்கொண்டே கொல்லைக்கு ஓடுகிறார். நல்லமுத்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிக் காட்டியதும் சுங்கை பினாங்கே விழுந்து விழுந்து சிரித்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று காய்ந்த முகங்களில் சிரிப்பைப் பார்ப்பதே அப்போது பெரிய காரியம். அந்த வாரமே வீட்டுக்கு வீடு தண்ணீர் கொதித்தது.

கனகசுந்தரத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "நல்லமுத்து, நோயாளியை வைச்சுப் பகிடி விடுறதோ? நோய் வந்தவன் இனி வெளியில தலைகாட்டுவானோ?"

"ஐயா, உங்க தமிழக் கேட்டா கதவச் சாத்துறாங்க. என் மாப்பிள்ளையப் பாக்க ஓடி வர்றாங்க லா!"

பின் வரிசையில் இருந்த தங்கை ருக்குமணியை இரண்டு நாளாகக் காணவில்லை. புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபின் தனியாக இருப்பவள். நல்லமுத்து எட்டிப் பார்த்தால், பாயில் கிழிந்த நாராய்க் கிடக்கிறாள். கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டு, பாயெல்லாம் ரத்தம்.

"ஏம்மா சொல்லல? ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே!"

"எப்படிண்ணே போவேன்? கொல்லைக்குப் போனதுக்கே பக்கத்து வீட்டு நல்லம்மாள் 'மாப்பிள்ளை ஓடுறாரு'ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க."

நல்லமுத்துவுக்குச் செவிட்டில் அறைந்தது போலிருந்தது. ஊரைச் சிரிக்க வைத்த வாயாலேயே கூடப்பிறந்தவளைச் சாகக் கிடத்திவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது.

சாக்கடைக்குச் சுண்ணாம்பு கொண்டுபோகும் கைவண்டியில் அவளைத் தூக்கிப் படுக்கவைத்தார்.

"ஆத்தோரமா போண்ணே, யாரும் பாக்க வேணாம்" என்று கெஞ்சினாள்.

அது சுற்றுவழி, அதுவரை உயிர் தாங்குமோ தாங்காதோ. நடுச்சந்திலேயே வண்டியைத் தள்ளினார். வாசலெல்லாம் ஆட்கள் வந்து நின்றார்கள். ருக்குமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நல்லமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார்: "எல்லாரும் பாத்துக்குங்க! வயித்தால போறது எனக்குத்தான் லா! தங்கச்சி சும்மா துணைக்கு வர்றா!"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் கோமாளித்தனத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. வண்டியைத் தள்ளுகிறவர் கன்னத்தில் கண்ணீர் வழிவதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்போது நல்லம்மாள் வாசலைவிட்டு இறங்கி ஓடிவந்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கும் அதேதான். சிரிப்பாங்கன்னு உள்ளயே வச்சிருந்தேன். இப்ப எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. வண்டியில எடம் இருக்கா?"

ருக்குமணி முந்தானையை விலக்கி அவளைப் பார்த்தாள். பிறகு முனகிக்கொண்டே காலை மடக்கி, இன்னோர் ஆளுக்கு இடம் விட்டாள்.