பஞ்சு மெத்தை பற்றி வசந்தா கேட்ட திருத்தம்

வசந்தா திங்கட்கிழமை காலை குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் இறந்துவிட்டார். தொலைபேசியில் இதைச் சொன்னவர் அவருடைய மகள் கவிதா. நுரையீரல் இரண்டிலும் அழற்சி பரவிவிட்டது என்று மருத்துவர் சொன்னாராம். பூஞ்சைத் தூசியை அதிகமாகச் சுவாசித்ததால் வந்திருக்கலாம் என்பது மருத்துவரின் கணிப்பு. அதைக் கணிப்பு என்றே எழுதுகிறேன். "உறுதி" என்று எழுதியிருந்தால் வசந்தா பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்திருப்பார். நான் போனை வைத்தபோது அடுத்த அறையில் என் மனைவி மாலதி இருமிக்கொண்டிருந்தாள்.

எங்கள் நாளிதழில் அவர் தலைமை உதவி ஆசிரியர். நான் நிருபர். அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஜன்னல் சண்டை மறந்திருக்காது. செய்திப் பிரிவுக்கு ஏசி வந்த புதிதில், அவர் மட்டும் தன் மேஜைக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பார். மேலாளர் வந்து, "மேடம், கரண்ட் பில்லு எகிறுது" என்றார். "காத்துக்கு பில்லு வராது சார், தைரியமா உள்ள விடுங்க. நாங்க என்ன ஃப்ரிட்ஜ்ல வச்ச கத்திரிக்காயா?" என்றார் வசந்தா. மேலாளரும் சிரித்துவிட்டார். ஜன்னல் திறந்தே இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு செம்பாக்கத்தில், எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்திலேயே எதிர்வீட்டுக்கு வந்தார். கணவர் முன்பே போய்விட்டார். மகள் பெங்களூரில். சனிக்கிழமை ஆனால் தலையணை, மிதியடி, காய் நறுக்கும் பலகை, செருப்பு எல்லாம் மொட்டைமாடிக்கு ஏறிவிடும். பலகையில் எலுமிச்சை மூடியைத் தேய்த்துவிட்டு வெயிலில் நிறுத்துவார். மீன் வாடை போய்விடும். மாலதியும் மெல்ல மெல்ல அந்தப் பழக்கத்துக்கு வந்தாள். "பினாயில் நாத்தத்துக்குப் பேரு சுத்தம் இல்ல, மாலதி. காஞ்ச துணியில வருதே ஒரு வாசம், அதுதான் சுத்தம்" என்பார். எங்கள் வீட்டில் பினாயில் வாங்குவது நின்றது.

போன மழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்து, தரைத்தளத்துக்குள்ளும் புகுந்தது. கட்டில் உயரத்துக்கு நின்றது. வடிந்ததும் நாங்கள் எங்கள் ஸ்பாஞ்சு மெத்தையைக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிட்டோம். வசந்தா தன் இலவம்பஞ்சு மெத்தையைக் கொடுக்கவில்லை. அவர் கணவர் கடைசிவரை படுத்திருந்த மெத்தை அது. ஸ்பாஞ்சு என்றால் போகட்டும், பஞ்சைப் பிரித்துக் காயவைத்தால் புதிதாகிவிடும் என்றார். மேலே துணி காய்ந்திருந்தது. உள்ளே பஞ்சு கட்டிகட்டியாக நனைந்து கிடந்தது. வானம் மூடியே இருந்ததால், வெயில் வரட்டும் என்று படுக்கையறைச் சுவரில் சாய்த்து வைத்தார். வாரக்கணக்கில் அது அங்கேயே நின்றது. அதே அறையில்தான் அவர் தூங்கினார்.

வெயில் வந்த முதல் நாள், மெத்தையை லிஃப்டில் ஏற்றும்போது குடியிருப்புச் செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"மேடம், இத தூக்கிப் போட்ருங்களேன். மூணு மாடிக்கும் நாத்தம் அடிக்குது."

"உங்க மூக்கையும் கழட்டிக் குடுங்க சார், ஒரேயடியா வெயில்ல வச்சு எடுத்துடலாம்."

மாலதி சிரித்துக்கொண்டே மறுமுனையைப் பிடித்திருந்தாள். மாடியில் இருவரும் தையலைப் பிரித்து, பழைய புடவையில் பஞ்சைப் பரப்பி, குச்சியால் தட்டினார்கள். பஞ்சு பல இடங்களில் கறுத்திருந்தது. தூசி எழும்பி இருவர் தலையிலும் படிந்தது. "அக்கா, நாம ரெண்டு பேரும் கிழவியாயிட்டோம்" என்று மாலதி சொன்னது படிக்கட்டு வரை கேட்டது. இருவருமே மூக்கில் துணி கட்டவில்லை. நாள் முழுக்கத் தட்டியவர் வசந்தா. மாலதி மதியச் சமையலுக்கு இறங்கிவிட்டாள்.

அன்று மாலையே வசந்தாவுக்குக் காய்ச்சல். வெயிலில் நின்ற களைப்பு என்றார். மறுநாள் ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்கினார். ஆட்டோவில் நாங்கள்தான் அழைத்துப்போனோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "பஞ்சு தட்டறப்ப கூட யார் இருந்தாங்க?" என்றார். மாலதி பள்ளிப் பிள்ளை போலக் கையைத் தூக்கினாள். டாக்டரம்மா அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். அப்போது மாலதிக்கு இருமல் இல்லை. அந்த வாரக் கடைசியில் வந்தது.

நான் வசந்தாவைக் கடைசியாகப் பார்த்தபோது ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். நர்ஸ் தடுத்தும் அதை விலக்கினார். "மாலதி இருமறாளா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். "இன்னைக்கே காட்டு. கஷாயம் வச்சுக் குடிச்சுக்கிட்டு உக்கார வேணாம்னு சொல்லு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "வெயில்ல போட்டா எல்லாம் சரியாயிடும்னு ஊர் பூரா சொன்னேன்ல? தப்பு. திருத்தம் போடுய்யா."

போடுகிறேன். தலையணையை, மிதியடியை, பலகையை வெயிலில் வையுங்கள். அதில் அவர் சொன்னது சரி. ஆனால் வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தையை, வெயில் வரட்டும் என்று வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். அது யார் படுத்த மெத்தையாக இருந்தாலும் சரி. பூஞ்சை பிடித்ததைப் பிரிக்காதீர்கள், தட்டாதீர்கள். அப்படியே கட்டி வெளியே அனுப்பிவிடுங்கள். எத்தனையோ பேருடைய செய்தியைத் திருத்திய வசந்தா, மூச்சுக்குத் திணறிய நேரத்தில் தன் சொல்லையே திருத்தினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

மாலதி இப்போது சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் ஒருமுறை நிற்கிறாள். நின்றது ஏதோ யோசிக்கத்தான் என்பது போல முகத்தை வைத்துக்கொள்கிறாள். நானும் பார்க்காதது போல இருக்கிறேன். சி.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையும் முடிந்தது. இரண்டு அறிக்கைகளையும் வியாழக்கிழமை மாலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும்போது செவ்வாய்க்கிழமை.