பாடு தெரியாதவன்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் வழக்கமில்லை. ஏரிக்கரையில் புது பைக் ஒன்று வந்து நின்றாலே, துறைமுகத்து ஆளா, நிலம் பார்க்க வந்தவனா என்றுதான் மனம் ஓடும். போன வருஷம், எந்த ஊர் எங்கே மீன் பிடிக்கிறது என்று பட்டியல் எழுத அரசாங்கத்திலிருந்து வந்தவனையும் அப்படித்தான் பார்த்தேன். அந்தப் பட்டியலில் ஏறினால்தான் ஏரியில் எங்கள் இடம் எங்களுக்கு.

எங்கள் வலைகள் கரையில் காய்ந்துகொண்டிருந்தன. "ஏன்க்கா, இன்னைக்கு உங்க ஊர்ல யாரும் ஏரிக்குப் போகலையா?" என்றான்.

"எங்க பாடு நாளைக்குத்தான்."

"பாடுன்னா என்னக்கா?"

பாடு தெரியாதாம்! இறால் விழும் இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, இன்று இவர்கள், நாளை அவர்கள் என்று முறை வைத்துக்கொள்வதுதான் பாடு. எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைகூட அதைச் சொல்லும். மீனைப் பற்றி எழுத வந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? என் வாயைக் கிளறி, நான் சொல்வதை வேறு மாதிரி எழுதப் பார்க்கிறான் என்று தோன்றியது.

"தெரியாத மாறி கேக்காதீங்க சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் எதையோ எழுதிக்கொண்டு போனான். எனக்கு உள்ளூர ஒரே பெருமை.

பட்டியல் வந்தது. அடுத்த ஊரின் பெயர் இருந்தது. எங்கள் ஊருக்கு நேரே, 'ஏரியில் தொழில் இல்லை'. வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்று கொதித்தேன். ஆனாலும் ஏதோ உறுத்தியது. என்னோடு கல்லூரியில் படித்த பொன்னேரிக்காரிக்கு ஃபோன் போட்டு, பாடு என்றால் தெரியுமா என்று கேட்டேன். எங்கள் ஏரி மீனைத் தின்று வளர்ந்தவள்.

"அப்டின்னா இன்னாடி?" என்றாள்.

இவளும் நடிக்கிறாளோ என்று ஒரு நொடி நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நைனாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. ஆட்சேபம் சொல்ல ஆபீசில் கொடுத்த நாள் எங்கள் பாடு நாளாகப் போனது. போகாவிட்டால் அந்த முறை போனதுதான். என் கல்யாணத்தன்றுகூட வலை இழுத்துவிட்டு ஈர லுங்கியோடு வந்து நின்ற மனிதர், அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா எங்கள் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பாடுன்னா?"

நான் வாய் திறப்பதற்குள் நைனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்றேம்மா. இன்னிக்கு எங்க பாடு. இந்நேரம் ஏரில இருக்க வேண்டியவன், இங்க குந்தினு இருக்கேன்."