முதுகு தரிசனம்

கட்டடக் கம்பெனிகள் விளம்பரத்துக்கு வரைந்து மாட்டும் வண்ணப் படங்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அந்தப் படங்களில் யாருக்கும் வேர்க்காது, எந்தக் குழந்தையும் அழாது, ஒன்றுவிடாமல் எல்லோர் கையிலும் பலூன் இருக்கும். அப்படி ஒரு படத்தில் என் கணவரும் இருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் அமெரிக்காவில், பேர்லேண்ட் என்ற புறநகரில் குடியிருந்தோம். டவுன்டவுனில் புதிதாகப் பேஸ்பால் ஸ்டேடியம் கட்டப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அதன் டிசைனில் ஒரு பகுதி நான் வேலை பார்த்த கம்பெனிக்கு வந்தது. பார்வையாளர் இருக்கைகளை வரையும் குழுவில் என்னைப் போட்டார்கள். என்னைவிட அதிகம் பூரித்துப் போனவர் என் கணவர். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் செயலிழந்து போனவர் அவர். ஆபீஸ், கோயில், கடை எல்லாம் சக்கர நாற்காலியில்தான். கிரிக்கெட் இல்லாத ஊரில் வேறு வழியில்லாமல் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து, கடைசியில் அதில் பைத்தியமாகிவிட்டார்.

பழைய ஸ்டேடியத்தில் சக்கர நாற்காலிகளைக் கடைசி வரிசைக்கும் பின்னால், மேல்மாடிக்கு அடியில் தள்ளி வைத்திருந்தார்கள். பந்து உயரப் போனால் மேல்தளம் மறைத்துவிடும். ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் மாதிரி, பந்தைத் தூக்கி வெளியே அடிப்பது. அத்தனை வருஷத்தில் ஒரு ஹோம் ரன்னைக்கூட அவர் நேரில் முழுசாகப் பார்த்ததில்லை.

“மட்டையில படறதுலேர்ந்து வெளியில போய் விழற வரைக்கும் ஒரு தடவை பாத்துட்டா போதும். நீ டிசைன் பண்ற ஸ்டேடியத்துல பாக்கறேன்” என்றார். கல்யாணத்தில் நகைகூடக் கேட்காத மனிதர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

இருக்கை வரைவதற்கு ஒரு முறை உண்டு. உட்கார்ந்திருக்கும் மனிதரை வரைந்து, கண் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலாக மைதானத்துக்குக் கோடு இழுப்போம். கோடு தலையில் இடிக்காவிட்டால் அந்த இருக்கை பாஸ். படத்தில் அத்தனை பேரும் சமர்த்தாக உட்கார்ந்தே இருப்பார்கள். நிஜத்தில் ஆட்டம் சூடு பிடித்தால் எழுந்து நிற்பார்களே என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை.

எனக்கு உறைத்தது, பேர்லேண்ட் கோயிலால். தீபாராதனைக்குத் திரை விலகியதும் நம் ஜனங்கள் எம்பிக்கொண்டு முன்னால் போய் நிற்பார்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் இருக்கிறார் என்பது அந்த நேரத்தில் ஒருவர் கண்ணிலும் படாது. இவருக்குத் தெரிவதெல்லாம் பட்டுப்புடவையும் சில்க் ஜிப்பாவும்தான். “இன்னிக்கும் முதுகு தரிசனம்தான்” என்று சிரித்துக்கொண்டே விபூதி வாங்கிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் நான் சக்கர நாற்காலி மேடைக்கு முன்னால் நிற்கிற மனிதர்களை வரைந்தேன். கோடு அவர்கள் தலையைத் தாண்டிப் போகும்வரை மேடையை உயர்த்தினேன். எங்கள் குழுவின் டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு, இதை எப்படி இத்தனை நாள் யோசிக்காமல் விட்டோம் என்று முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார். அந்த வாரமே, வண்ணப் படத்தில் சேர்க்க என் கணவரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இவர் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். வானத்தில் போகும் பந்தைக் காட்டுவதுபோல விரலை நீட்டிச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார். அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி நான் வரைந்த மேடையில் ஒட்டினார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் அந்தப் படம் போயிற்று. எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

பிடித்த பிறகு மேடையை இறக்கினார்கள்.

மேடைக்குப் பின்னால் பணக்காரர்களுக்கான கண்ணாடி அறைகள் வந்தன. மேடை உயரமாக இருந்தால் உள்ளே சோபாவில் சாய்ந்திருப்பவர்களுக்குச் சக்கர நாற்காலிக்காரர்களின் தலை மறைக்குமாம். மீட்டிங்கில் நான் என் கோட்டைக் காட்டிச் சண்டை போட்டேன். சட்டம் சொல்கிற எண்ணிக்கைப்படி சக்கர நாற்காலிக்கு இடம் விட்டிருக்கிறோம், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று டைரக்டர் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நின்றுகொண்டிருந்தவர்களை அழித்துவிட்டு, உட்கார்ந்தவர்களை அவரே வரைந்தார். கோடு ஒழுங்காகப் போயிற்று. நான் விடாமல் வாதாடியதும், போய்க் கழிப்பறைகளை வரை என்று வேறு குழுவுக்குத் தள்ளினார்கள். என் கிரீன் கார்டு அந்தக் கம்பெனி வழியாகப் போய்க்கொண்டிருந்ததால் வேலையை உதறவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து திட்டித் தீர்த்தேன். கொஞ்சம்தானே இறக்கியிருக்கிறார்கள், பந்து தெரியும் என்று இவர் எனக்கே சமாதானம் சொன்னார்.

திறப்பு விழாவுக்குக் கம்பெனியே டிக்கெட் கொடுத்தது. வாசலில் அந்த வண்ணப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். இவர் அதே நீலச் சட்டையில் வந்திருந்தார். படத்துக்குக் கீழே நாற்காலியை நிறுத்தி, என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். மைக்கில் யாரோ ஒருவர், இது எல்லோருக்குமான ஸ்டேடியம் என்று தொண்டை கிழிய முழங்கினார். பாப்கார்ன் வாசனையும் புதுப் பெயின்ட் வாசனையும் கலந்து அடித்தது.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. பச்சைப் புல், வெள்ளைக் கோடு, ஆட்டக்காரர்கள். இவர் எனக்கு விதிகளை விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. எங்களுக்கு முன்னால் இருந்த அத்தனை வரிசையும் எழுந்தது. இவர் இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார், கைப்பிடியில் கையை ஊன்றி எம்பிப் பார்த்தார். ஊரே கத்தியது. எல்லோரும் உட்கார்ந்தபோது பந்து போன இடத்தில் வெறும் வானம் இருந்தது. பெரிய திரையில் அதைத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள்.

“இங்கயும் முதுகு தரிசனம்தான்” என்றார். சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டைரக்டர் கையில் பீருடன் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் எழுந்து, துணைக்கு வருபவருக்காகப் போட்டிருந்த என் மடக்கு நாற்காலியைக் காட்டி, அடுத்த நல்ல அடி வரும்வரை இங்கே உட்கார்ந்து பாருங்கள் என்றேன். இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். டைரக்டர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அடுத்த அடி வந்தது. அங்கே முதலில் துள்ளி எழுந்தவர் அவர்தான். பீர் இவருடைய நீலச் சட்டையில் கொட்டியது. நின்றபடியே கை தட்டி, திரும்பி, பார்த்தாயா என்று இவரிடம் கேட்டார். தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்பதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை. இவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே, “கிரேட் வியூ” என்றார்.

என் கிரீன் கார்டுக்காகச் சொன்னார். எனக்கு ஏற்பட்ட அருவருப்புக்கு அளவே இல்லை. அந்த ஆளைப் பிடித்துக் கீழே தள்ளிவிடலாம் போலிருந்தது.

ஆட்டம் முடியும் முன்பே கிளம்பிவிட்டோம். வாசலில் அந்தப் படத்துக்கு எதிரே இவர் நாற்காலியை நிறுத்தினார். படத்தில் நீலச் சட்டைக்காரருக்கு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. விரலை வானத்துக்கு நீட்டி வாயெல்லாம் பல்லாக இருந்தார். இவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவனுக்கு நல்லா தெரியுது” என்றார்.

பிறகு, டிராஃபிக் ஆரம்பிக்கறதுக்குள்ள ஃப்ரீவேயைப் பிடிச்சிடலாம் என்று சொல்லிவிட்டு, நான் தள்ளுவதற்குக் காத்திருக்காமல் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார்.