மூன்றாவது சர்வரை நிறுத்தியவன்

சென்னையில் நான் பார்த்த வேலைக்கு என் அக்கா வைத்த பெயர் காவக்காரன் வேலை. கம்ப்யூட்டர் படித்தவனுக்கு இப்படியொரு பட்டமா என்று முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பில்லை. வங்கிகளுக்கும் தேர்வு நடத்துகிறவர்களுக்கும் எங்கள் கம்பெனி வெப்சைட் செய்து கொடுக்கும். அவை ஓடும் சர்வர்கள் மும்பையில் ஏதோ ஒரு குளிரூட்டிய கூடத்தில் இருந்தன. நான் அவற்றைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிண்டியில் ஒரு மேஜை, ஒரு திரை, திரையில் சில கட்டங்கள். கட்டம் பச்சையாக இருந்தால் சர்வர் நலம். மஞ்சள் என்றால் மூச்சு வாங்குகிறது. சிவப்பானால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கட்டளையைத் தட்டி அதை நிறுத்தி, மறுபடி ஓட விடவேண்டும். இதற்குத்தான் எனக்குச் சம்பளம், அடையாள அட்டை, ஊரில் ஒரு மரியாதை எல்லாம்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் ஊர் ஆரணியில் பிரவுசிங் சென்டர்கள் பெருகிவிட்டன. வேலைக்கான விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகத் தபாலை விட்டு இணையத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. அந்த வருடம் ஒரு வங்கியின் கிளார்க் தேர்வுக்கான விண்ணப்பத்தை எங்கள் கம்பெனி எடுத்திருந்தது. என் அக்கா இரண்டு வருடமாக அந்தத் தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஆரணியிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். புகுந்த வீட்டில் இரண்டு பட்டுத் தறி. ஒன்றில் மாமா உட்காருவார், இன்னொன்றில் அவள். தபால் வழியில் பி.காம் முடித்தவள். தறிக்கு எதிர்ச் சுவரில் பழைய கேள்வித்தாள்களைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்துக்கொண்டு, நெய்தபடியே கணக்குப் போடுவாள். போனில் நான் ஒரு கணக்கைப் படித்துவிட்டுக் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் விடை வந்துவிடும். வந்த பிறகு என்னைக் கேலி செய்ய இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்வாள்.

"எதுக்கு இவ்ளோ கஷ்டப்படற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனுக்கு இன்னாடா கொற, தறி சோறு போடுது. ஆனா இந்தப் பரீட்சைய எழுதினா நான் பாஸாவேனா மாட்டேனான்னு தெரிஞ்சிக்கணும். அது தெரியாம சாவக் கூடாது, அவ்ளோதான்" என்றாள்.

அந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. அடுத்த வருடம் என்ற பேச்சே இல்லை.

விண்ணப்பம் திறந்த அன்றே போட்டுவிடு என்று சொன்னேன். அவள் தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதியில் நின்றது. அதை முடித்து அறுத்துக் கொடுக்கும்வரை எழுந்திருக்க முடியாது என்றாள். "அமாவாசைக்குப் போய் போட்டுடறேன்டா."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகூடத் தறி ஓடும், அமாவாசைக்கு ஓடாது. அதனால் ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, பல் பிடுங்கிக்கொள்வது, அம்மா வீட்டுக்குப் போய்வருவது என்று நெசவு வீட்டின் அத்தனை வேலைகளும் அமாவாசைக்குத்தான் காத்திருக்கும். அந்த மாதம் அமாவாசை விழுந்தது விண்ணப்பத்தின் கடைசி நாளில். மாலை ஐந்து மணியோடு சரி.

கடைசி நாள் வேண்டாம் என்று அப்போதே அடித்துச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் என்றால், "பரவால்ல வா, நான்தான பாத்துக்கறேன். ஒண்ணும் ஆவாது" என்றேன். தம்பி பெரிய ஆள் என்று காட்டிக்கொள்கிற சபலம்தான். இன்றைக்கும் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அக்கா பஜார் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து போன் செய்தாள். உட்கார இடமில்லையாம். "எல்லாம் தறிக்காரங்கதான்டா. பெரணமல்லூர்லருந்துகூட வந்துகினு கீறாங்க." ஊரே ஒரே மாதிரி யோசித்திருக்கிறது. அவள் முறை வர நாலு மணி ஆயிற்று. உட்கார்ந்ததும் மறுபடி போன் செய்து, லைனிலேயே இருந்தாள். புகைப்படத்தையும் கையெழுத்தையும் அங்கே ஸ்கேன் செய்யவேண்டியிருந்ததால், நான் சென்னையிலிருந்து போட்டுக்கொடுக்கவும் வழியில்லை. உறவினர் விண்ணப்பத்தை ஊழியர்கள் தொடக் கூடாது என்று கம்பெனியும் எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தது.

அந்த விண்ணப்பத்தை நாங்கள் நான்கு சர்வர்களில் ஓடவிட்டிருந்தோம். வருகிறவர்களை ஒரு மென்பொருள் நான்கிலும் பிரித்து அனுப்பும். ஒருவர் எந்த சர்வரில் நுழைகிறாரோ, விண்ணப்பம் முடியும்வரை அங்கேயேதான். அவர் பாதி நிரப்பிய படிவம் அந்த சர்வரின் நினைவில் மட்டும் இருக்கும். அதை நிறுத்தினால் அதிலிருக்கும் எல்லோருடைய படிவமும் போய்விடும். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்துதான் செய்திருந்தோம். சர்வரை நிறுத்துகிற நிலைமை வராது என்று நினைத்தோம், அவ்வளவுதான்.

நாலு பத்துக்கு மூன்றாவது கட்டம் மஞ்சளானது. நாலேகாலுக்குச் சிவப்பு.

அக்காவிடம் கேட்டேன், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நம்பர் இருக்கும், பார்த்துச் சொல் என்று. எந்த சர்வர் என்று எங்களுக்குத் தெரிவதற்காக நாங்களே போட்டு வைத்த நம்பர் அது.

"மூணு" என்றாள்.

"எந்தப் பக்கத்துல இருக்கற?"

"கடேசி. கையெழுத்த ஏத்திட்டேன். அனுப்புன்னு அமுக்கினேன், சுத்திகினே கீது."

எனக்கு மேலே இருந்த டீம் லீடர் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. மூன்றாவது சர்வர் நான்குக்கும் பொதுவான டேட்டாபேஸை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதனால் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக மஞ்சளாகிக்கொண்டிருந்தன. புதிதாக யாரையும் மூன்றுக்கு அனுப்பாமல் நிறுத்தினேன். உள்ளே இருப்பவர்கள் முடித்துக்கொண்டு வெளியேறட்டும், பிறகு ரீஸ்டார்ட் செய்யலாம் என்றேன். அதுதான் முறையான வழி. அவரும் ஒத்துக்கொண்டார். பத்து நிமிடம் பார்த்தோம். உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூட வெளியே வரவில்லை. எல்லோருக்கும் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

"ரீஸ்டார்ட் அடிச்சிடு" என்றார் லீடர்.

"ரெண்டு நிமிஷம் சார்."

"நாலும் போயிடும். அப்புறம் யாருமே போட முடியாது. அடி."

அவர் சொன்னது சரி. இத்தனை வருடமாக அதில் ஓட்டை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. மூன்றாவதில் சில நூறு பேர், மற்ற மூன்றிலும் அதைவிடப் பலமடங்கு. கணக்கு என்றால் அக்காவே அந்த விடையைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அக்கா என் மறு காதில் இருந்தாள்.

"டேய், இன்னொரு வாட்டி அமுக்கலாமா வேணாமா?" என்று கேட்டாள். "இங்க பேஜாரா கீதுடா. பின்னாடி நிக்கற ஆளு ஜல்தி ஜல்திங்கறாரு."

"எதையும் தொடாத. அப்படியே விடு" என்றேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டேதான் கட்டளையைத் தட்டினேன். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும். உறுதிதானா என்று அது கேட்டது. ஆமாம் என்று கொடுத்தேன்.

இரண்டு மூன்று விநாடிதான். "வெள்ளையாயிடுச்சிடா" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பி என்றேன். நிறுத்தப்பட்ட சர்வரிலிருந்து விழுந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்த்தார்கள். முதல் பக்கம் திறக்கவே எட்டு நிமிடம் ஆனது. அக்கா பெயரை, பிறந்த தேதியை, மதிப்பெண்களை வாய்விட்டுச் சொல்லியபடி அடிப்பது எனக்குக் கேட்டது. நெசவுக் கை, வேகமான கை. ஆனால் அவள் வேகம் அங்கே யாருக்கு வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் காத்திருக்கவேண்டியிருந்தது. புகைப்படம் ஏறும்போது ஐந்துக்கு மூன்று நிமிடம்.

ஐந்து மணிக்கு விண்ணப்பத்தை மூடவேண்டும் என்பது ஒரு ஃபைலில் ஒரு வரி. அந்த ஃபைல் என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. ஐந்தை ஐந்தரை என்று மாற்ற எனக்கு அரை நிமிடம் போதும். லீடரைப் பார்த்தேன். அவர் வங்கி அதிகாரிக்குப் போன் போட்டார். நேரத்தை நீட்டிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று அந்த அதிகாரி சொல்லிவிட்டாராம். லீடர் போனை வைத்துவிட்டு என் விசைப்பலகையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "பண்ணிடாதப்பா" என்றார். நான் பண்ணவில்லை. விதி என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏதோ இங்கிலீஷ்ல வருதுடா" என்றாள் அக்கா. ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக் காட்டினாள். விண்ணப்பிக்கும் காலம் முடிந்தது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அந்த வாசகத்தை எழுதியது எங்கள் டீமில் ஒருவன். அதைச் சரிபார்த்து ஓகே சொன்னவன் நான்.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு நான்கு கட்டங்களும் பச்சையாக இருந்தன. உள்ளே ஆளே இல்லாதபோது எந்த சர்வரும் பச்சையாகத்தான் இருக்கும். அன்றைய அறிக்கையை நானே எழுதினேன். மூன்றாவது சர்வர் ரீஸ்டார்ட் செய்யப்பட்டது, சேவை சீரானது. பாதிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'குறைவு' என்று எழுதி அனுப்பினேன். சமயோசிதமாக நடந்துகொண்டதாக மறுநாள் எனக்குப் பாராட்டு வந்தது.

இரண்டு வாரம் கழித்துத்தான் ஆரணிக்குப் போக எனக்குத் துணிவு வந்தது. என்னைச் சும்மாவாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அக்கா தறியில் இருந்தாள். எதிர்ச் சுவரில் கேள்வித்தாள்களைச் சுரண்டி எடுத்த இடம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. தறியின் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர, சாப்பிட்டியா, ஏன் இளைச்சிட்ட என்று வழக்கமான கேள்விகளையே கேட்டாள்.

பக்கத்து வீட்டு அம்மா அப்போது உள்ளே வந்தார். அவர் மருமகளும் அன்று அதே சென்டரில் காத்திருந்து போடமுடியாமல் திரும்பியவள். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது. "ஏம்பா, நீ அந்தக் கம்பெனியிலதான கீற? நம்ம ஊரு புள்ளைங்க போட்டுகினு இருக்கறப்ப ஒரு கை கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தறியை நிறுத்தினாள்.

"அவன் இன்னா பண்ணுவான் பாவம். மெஷினு படுத்துகிச்சி. கடேசி வரிக்கும் என் லைன்லயே இருந்தான். எப்படியாவது காப்பாத்தணும்னு அது கூட மல்லுக்கட்டிகினு இருந்தான். எனுக்குக் கேட்டுச்சி, டக்கு டக்குன்னு தட்டிகினே இருந்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லடா?" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.