நின்றவர்களை மட்டும் எண்ணினேன்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் ஊர். காலையில் ஒரே டவுன் பஸ், அதுவும் ஏழரைக்கு. கம்பெனியில் முதல் ஷிஃப்ட் ஆறு மணிக்கு. அதனால் என் அக்காவும் இன்னும் பதினோரு பெண்களும் ஐந்து மணிக்கே லாரி ரோட்டில் நடந்து போவார்கள். ஒருநாள் டிரெய்லர் உரசி அக்காவுக்குக் கை உடைந்தது. கட்டுப் பிரித்த கையோடு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, ஐந்து மணிக்கு ஒரு பஸ் கேட்டு மனு கொடுத்தாள்.

அதிசயமாக, மனுவுக்குப் பதிலாகக் கணக்கெடுப்பே வந்தது. வேலை தேடிக்கொண்டிருந்த நான் அந்த மூன்று நாள் வேலையில் சேர்ந்தேன். காலை ஐந்து முதல் எட்டு வரை, நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களை எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நாள் பெண்கள் நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். போட்டோ எடுப்பார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. "எங்கள உட்டுடாதடா" என்று அக்கா சொல்லிவிட்டு நடந்தாள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். யாரும் நிற்கவில்லை, நின்றால் ஷிஃப்ட் போய்விடும். நிற்பவர்களுக்குப் படிவத்தில் கட்டம் இருந்தது, நடப்பவர்களுக்கு இல்லை. பூஜ்யம் போட்டேன். சொன்னபடி செய்கிறோம் என்று எனக்குப் பெருமை வேறு. ஏழரைக்கும் நான்கைந்து பேர்தான். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த நேரம் அது.

இரண்டு மாதத்தில் ஏழரை பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். கூட்டமில்லையாம்.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது அக்கா கேட்டாள். "மூணு நாளும் உன் முன்னாடிதானே நடந்துக்கினு போனோம். எங்கள எண்ணலியா?"

"நீங்க பஸ்ஸுக்கு நிக்கலியேக்கா."

அவள் திட்டியிருந்தால் தேவலை.

"வந்தாதானேடா நிப்போம்" என்றாள்.

கணக்கெடுக்கச் சொன்ன பஸ் டெப்போ அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். மற்றவர்களை விட்டுவிட்டு ஏற மாட்டேன் என்றாள் அக்கா.

இப்போது தினமும் ஐந்து மணிக்கு, லாரிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் மெதுவாக ஓட்டிப் போகிறேன். யாரும் கேட்காமலே எண்ணுகிறேன். போன வாரம் ஒருத்தி வேலையை விட்டுவிட்டாள். இன்றைக்குப் பதினோரு பேர்.