உள்வயலுக்கு ஒரு பட்டன்

1. பேனர் புத்தி

பதினான்கு வருடம் அரியலூரில் ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் செய்தவன் நான். ஒரே காதுகுத்து பேனரில் முப்பத்தெட்டுத் தலைகளை அடக்கியிருக்கிறேன். அந்தத் திமிரோடுதான் பெரம்பலூரில் நித்யா மேடம் நடத்தும் ஆப் கம்பெனியில் சேர்ந்தேன். மேடம் என்னைவிட வயதில் சின்னவர்.

முதல் வேலை, திருமானூர்ப் பக்கத்து விவசாயிகள் நெல் அறுவடை மெஷினை புக் செய்வதற்கான ஆப். முதல் ஸ்கிரீனில் மெஷின் படம், பின்னால் உதிக்கும் சூரியன், மூலையில் மெஷின் ஓனரின் சிரித்த முகம் என்று நிரப்பினேன். புக் செய்யும் பட்டன் அடியில் எங்கோ கிடந்தது.

மேடம் பார்த்துவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை. "அண்ணே, வண்டி வேணும்னு வர்றவங்களுக்கு ஓனர் மூஞ்சி எதுக்கு? கம்ப்யூட்டரை மூடுங்க. பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டுப் போயி விவசாயிங்ககிட்ட காட்டுங்க. கோடிங் ஆரம்பிச்சப்புறம் மாத்துனா மாசக்கணக்குல வேலை. பேப்பர்னா கிழிச்சுப் போட்டுட்டு வேற வரையலாம்."

இப்படி முதலில் செய்து காட்டும் மாதிரிக்குத்தான் புரோட்டோடைப் என்று பெயர். அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது.

2. அட்டை போன்

பழைய கல்யாணப் பத்திரிகை சாம்பிள்களைப் போன் அளவுக்கு வெட்டி, அட்டைக்கு ஒரு ஸ்கிரீன் வரைந்தேன். அவர்கள் பட்டனை விரலால் அமுக்க, அடுத்த அட்டையை நான் எடுத்து வைக்க வேண்டும்.

திருமானூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பொதுக்களத்தில் பத்துப் பேர் அமுக்கிப் பார்த்தார்கள். பத்துப் பேரும் "நல்லாருக்கு தம்பி" என்றார்கள். நம் ஊரில் வெளியாளிடம் வேறென்ன சொல்வார்கள்? பதினொன்றாவதாக வந்த செல்வி அக்கா மட்டும் கடைசி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதில் 'வரிசையில் நீங்கள் இரண்டாவது' என்று எழுதியிருந்தேன்.

"ரெண்டாவதுன்னு போட்டிருக்கே, எப்புடித் தம்பி?"

"ரெண்டாவதா புக் பண்ணுனா அப்படித்தானேக்கா?"

"என் வயலு உள்ள கெடக்கு. ரோட்டோரமா பெரியசாமி வயலு. அதை அறுத்தாத்தான் வண்டி என் வயலுக்கு வரும். அவரு ஏழாவதுன்னா நான் எப்புடி ரெண்டாவது? போன வருசம் வண்டி வந்து ரோட்டுலயே நின்னுட்டுத் திரும்பிப் போயிருச்சு. மறுவாரமே மழை. சாஞ்ச நெல்லு மொளைச்சே போச்சு."

செந்துறைப் பக்கத்து மானாவாரிக்காரன் நான். எங்கள் காட்டில் வண்டி எந்தப் பக்கமும் இறங்கும். இது எனக்குத் தெரியவே தெரியாது.

"ரெண்டு பேரும் பேசி ஒண்ணா புக் பண்ணலாமேக்கா?"

"வரப்புத் தகராறு. மூணு வருசமா பேச்சே இல்ல."

அங்கேயே புதிதாக இரண்டு அட்டை வரைந்தேன். ஒன்றில் 'என் வயல் உள்ளே இருக்கிறது' என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால் முன்வயல்காரருக்கு இரண்டாவது அட்டை போகும்: 'உங்கள் வயலோடு சேர்த்து அறுக்கலாமா?' கீழே 'சரி', 'வேண்டாம்'.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல நான் போயி பேச வேணாமா?"

"வேணாங்கா."

"அப்ப இதை வைங்க."

3. பதில் வரவில்லை

அந்த அட்டைகளைக் காட்டியதும் மேடம் எழுந்து வந்து கை கொடுத்தார். சம்பா அறுவடைக்குள் ஆப் வந்துவிட்டது. செல்வி அக்கா தன் கோரிக்கையை அனுப்பியதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தேன். பக்கத்தில் 'பதில் இல்லை' என்று இருந்தது. மறுநாளும் அப்படியே. வெளியே மழை மூட்டம். பட்டன் வைத்துவிட்டேன், அமுக்க வேண்டியவர் அமுக்கினால்தானே?

மூன்றாம் நாள் மதியம் அக்கா போன் செய்தார். பின்னால் மெஷின் சத்தம்.

"தம்பி, அவரு காலையில சரின்னு அமுக்கிட்டாரு. அவரு வயலை முடிச்சிட்டு வண்டி நேரா என் வயலுக்கு வந்துருச்சு!"

"அவரு பேசுனாராக்கா?"

"பேசல. ஆனா வண்டி எறங்கணும்னு அவரே மம்பட்டி எடுத்துட்டு வந்து அந்த வரப்பை வெட்டி விட்டாரு தம்பி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, முதலில் பேப்பரில் வரையுங்கள், எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். 'நல்லாருக்கு' என்று சொல்பவர்களுக்கு நன்றி சொல்லுங்கள். 'எப்புடித் தம்பி?' என்று ஒருவர் கேட்டால் மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். நான் இன்றைக்கும் மேடம் கம்பெனியில் இந்த நாற்காலியில் இருப்பது செல்வி அக்கா கேட்ட அந்த ஒரு கேள்வியால்.